பின்பக்கத்தில் இருந்த நான்கு எண்கள்

அன்புள்ள மகனுக்கு,

இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். கல்லூரி ஆண்டு மலருக்கு 'என் நூலக அனுபவங்கள்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் புத்தகத்துக்கு எண் போட்டவள் என்ன அனுபவத்தை எழுதுவாள்? காணாமல் போன அகராதி, மழைக்கு ஒழுகிய மேல்தளம், சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லியே கரகரத்துப் போன தொண்டை. அதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் மலருக்கு இதையே கொடுத்துவிடப் போகிறேன். அவர்கள் போடாவிட்டால் நகலெடுத்து நூலகத்து அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டுவேன். அந்த அதிகாரம் இன்னும் பத்து நாளைக்கு என்னிடம் இருக்கிறது. உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு அனுப்பலாமே என்று உன் அப்பா கேட்டார். பிள்ளையை மைக்கில் அவமானப்படுத்திவிட்டு, மன்னிப்பை மட்டும் காதோடு காதாகச் சொன்னால் அது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்டேன். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

உன் கல்யாணச் செய்தி எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? இரண்டு வாரத்துக்கு முன், சனிக்கிழமை சாயங்காலம், சேலையூர் மார்க்கெட்டிலிருந்து வந்த அப்பா காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே சொன்னார். "நாளைக்கு சர்ச்ல கல்யாண ஓலை வாசிப்பாங்க. நம்ம பையனுக்கு." எனக்கு முதலில் புரியவில்லை. பெண் யார் என்று கேட்டேன். "அவன் ஆபீஸ்தான். நல்ல பொண்ணு. நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார். கத்தரிக்காயை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். மறுநாள் போதகர் உன் பெயரை வாசித்தார், இன்னாருடைய மகன் என்று என் பெயரையும் சேர்த்தே வாசித்தார். மூன்று ஞாயிறு இப்படி வாசிப்போம், இவர்கள் சேருவதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்று வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபை அக்கா ஒருவர் என் தொடையைக் கிள்ளி, "எங்ககிட்ட சொல்லவே இல்ல பாத்தியா, அமுக்கினி" என்றார். சிரித்து வைத்தேன். எனக்கே ஒருவரும் சொல்லவில்லை என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? ஆராதனை முடிந்து மூன்று பேர் கை கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ இருக்கிற நாவலூருக்கும் நம் வீட்டுக்கும் நடுவில், மேடவாக்கம் நெரிசலையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம்தான். அதைத் தாண்டி நீ வந்து மூன்று வருடமாகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தவறாது. நாங்கள் ஆலயத்திலிருந்து வந்து சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் அப்பாவுக்கு வரும். அவருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பேன், தாளிக்கிற சத்தத்தில் உன் குரல் போய்விடக் கூடாதே. மழை, மாத்திரை, ஆபீஸ் என்று ஏதேதோ பேசுவீர்கள். கடைசியில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வி கேட்பாய்: "அம்மா ஏதாவது சொன்னாங்களா?" அப்பா நான் நிற்கிற பக்கம் ஒரு முறை பார்ப்பார். பிறகு, "இல்லப்பா" என்பார். "சரி, வெச்சிடறேன்" என்பாய். நான் நன்றாக இருக்கிறேனா என்று விசாரிக்கிறாய், அதையாவது கேட்கிறானே பிள்ளை என்று இத்தனை வருடமாக அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வாரத்தை ஓட்டினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று போன ஞாயிறுதான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

நம் கதை தெரியாத யாராவது இதை மலரில் படித்தால் புரிய வேண்டும், அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நூலகத்துப் புத்தகம் ஒவ்வொன்றிலும் பின் அட்டைக்குள் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு மெல்லிய டேக் ஒட்டியிருக்கும். அதற்குள் ஒரு எண் இருக்கும். ரீடர் பக்கத்தில் கொண்டுபோனால் தொடாமலே அந்த எண்ணைப் படித்துவிடும். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அந்த ஏற்பாடு வந்த முதல் கல்லூரிகளில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ரீடர் படிக்காத ஒரு பழுதான டேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து உனக்குக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "உள்ள கோலம் மாதிரி இருக்கும்மா" என்றாய். அதை உன் நோட்டுப் புத்தகத்தில் பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொண்டாய். கணக்கில் எழுதாமல் நூலகத்தை விட்டு ஒரு டேக்கும் வெளியே போகக் கூடாது என்று விதி போட்டவளே நான்தான். பழுதுதானே, பிள்ளை ஆசைப்படுகிறான் என்று விட்டுவிட்டேன்.

நீ பிளஸ் டூ படித்த வருடம் எங்கள் கல்லூரியில் பள்ளிகளுக்கு ரோபோ போட்டி நடந்தது. ரோபோக்கள் மஞ்சள் பஞ்சுக் கட்டைகளைப் பொறுக்கித் தங்கள் கூடையில் போட வேண்டும். அதற்கு முந்தைய வருடம் கையால் எண்ணியதில் பெரிய ரகளை. அதனால் போட்டியை நடத்திய துறைத்தலைவர் என்னிடம் வந்து, "மேடம், உங்க டேக்கைக் கட்டைல ஒட்டி, கூடைக்கு அடியில ரீடர் வெச்சுட்டா தானா பாயின்ட் ஏறிடும். சண்டையே வராது" என்றார். நாற்பது கட்டை, கிழிந்தால் மாற்றுவதற்கு நான்கு. டேக்குகளைக் கணக்கில் எழுதிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து நானே ஒட்டினேன். ஒட்ட ஒட்ட ஒவ்வொன்றின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பிறகு அதைப் பார்த்து மடிக்கணினியில் ஏற்றினேன். ஏற்றிய எண்ணுக்குத்தான் பாயின்ட் விழும். நீ போட்டியில் இருப்பதால் அந்த அறைக்குள் வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டேன். நீ வெளியிலிருந்து, "அம்மா, நான் நம்பரைப் படிக்கிறேன், நீ டைப் பண்ணு. சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாய். "ஒண்ணும் வேணாம். நாளைக்கு ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது, போ" என்று விரட்டினேன். நாற்பது எண்ணும் தாளின் முன்பக்கத்தில் இருந்தன. இடம் போதாமல் மாற்றுக் கட்டை நான்கின் எண்களைப் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். ஏற்றும்போது தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. நீ படித்திருந்தால் திருப்பியிருப்பாய்.

இறுதிப் போட்டிக்கு முன் நான்கு கட்டைகள் கிழிந்துவிட்டன. மாற்றுக் கட்டைகளைக் களத்தில் போட்டார்கள். அந்த நான்கும், கிரகம், எதிரணிக் கூடையிலேயே போய் விழுந்தன. திரையில் உங்கள் அணிக்குப் பதினொன்று, அவர்களுக்கு ஒன்பது. நீங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக் குதித்தீர்கள். நான் மேலே மாடத்தில் நின்று பார்த்தேன். நீ அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எதிரணிப் பையன் ஒருவனின் அப்பா களத்துக்குள் இறங்கிவிட்டார். "இன்னா சார் இது, கண்ணு முன்னாடி பதிமூணு கட்டை கீது, ஒம்போதுன்னு காட்டுது?" எண்ணினார்கள். பதின்மூன்றுதான் இருந்தது. நான்கு கட்டையை ரீடரில் வைத்தால் பட்டியலில் இல்லாத டேக் என்று வந்தது. அப்படியென்றால் யாரோ டேக்கை மாற்றியிருக்கிறார்கள். யாருக்கு டேக் கிடைக்கும்? "லைப்ரரி மேடம் பையன் இந்த டீம்ல கீறான் சார். வூட்லயே டேக்கை வெச்சிக்கினு ஆட்டம் காட்றாங்க" என்றார் அந்த மனிதர். உன் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ரோபோ நோட்டுக்குள்ளிருந்து அந்தப் பழைய டேக் விழுந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். துறைத்தலைவர் கேட்டார், "மேடம், நாப்பத்தி நாலையும் ஏத்தினீங்கள்ல?" "ஒண்ணு விடாம ஏத்தினேன் சார்" என்றேன். அது பொய் இல்லை, அந்த நிமிடத்தில் அதை நான் நம்பினேன். "அப்ப இந்த டேக்?" என்று அவர் கையில் தூக்கிப் பிடித்தார். அங்கேதான் நான் விழுந்தேன். நான்தான் கொடுத்தேன், நான்கு வருடத்துக்கு முன் கொடுத்தேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என் விதியை நானே மீறியது தெரிந்துவிடும். டேக் கணக்கில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை என்று வருடாவருடம் நான் எழுதிக் கொடுத்ததும் பொய்யாகிவிடும். என் பிள்ளைக்காகச் சாக்குச் சொல்கிறேன் என்பார்கள். இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் மனதில் ஓடியது. "எனக்குத் தெரியல சார்" என்றேன். அடிப்பாவி, பெற்றவள் பேசுகிற பேச்சா அது?

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். "பசங்க விளையாட்டுப் புத்தி மேடம், பெருசாக்க வேணாம். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, கீழ பேரன்ட் சைன் போட்டுக் குடுத்துட்டா முடிஞ்சிடும்" என்றார் துறைத்தலைவர். நம் பள்ளி, கல்லூரிகளில் எதற்கெடுத்தாலும் இதுதானே மருந்து. ஜன்னல் உடைந்தால் மன்னிப்புக் கடிதம், தாமதமாக வந்தால் மன்னிப்புக் கடிதம். செய்தாயா இல்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை, எழுதினாயா என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படிப்பட்டவள்தான். நூலகத்தில் அப்படி நூறு கடிதமாவது வாங்கி வைத்திருப்பேன். ஒரு வெள்ளைத் தாளை உன் முன்னால் வைத்தேன். "அம்மா, நான் செய்யலன்னு உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டாய். "இப்ப எழுது. அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். எழுதினாய். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, இன்னொரு தாளை நீட்டி, "அடித்தல் திருத்தல் இல்லாம சுத்தமா எழுது" என்றேன். நீ மறுபடி எழுதினாய். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அதை மைக்கில் வாசித்தார்கள், கோப்பையை எதிரணிக்குக் கொடுத்தார்கள். அதுவரை என்னை நீ, வா, போ என்றவன், பஸ்ஸில் திரும்பும்போது "நீங்க உக்காருங்க" என்றாய்.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை நூலகத்தில் அந்தத் தாளை ஃபைலில் வைக்க எடுத்தேன், பின்பக்கம் கண்ணில் பட்டது. என் கையெழுத்தில், பச்சை மையில், நான்கு எண்கள். ஏற்றியதற்கு அடையாளமாக நான் அடிக்கிற டிக் அவற்றின் பக்கத்தில் இல்லை. துறைத்தலைவர் அறை இரண்டு மாடி மேலே. படி ஏறினேன். முதல் மாடித் திருப்பத்தில், திருநீர்மலை தெரிகிற ஜன்னல் ஒன்று உண்டே, அங்கே நின்றேன். மலையைப் பார்த்துக்கொண்டு ஒரு பீரியட் மணி அடிக்கும்வரை நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். தாளை மடித்து என் பைபிள் உறையின் ஜிப்புக்குள் வைத்தேன். இன்றைக்கு வேண்டாம், போட்டிப் பேச்சு அடங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பேச்சு அடங்கியது. அடங்கிய பிறகு எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றியது. இப்படித்தான் எட்டு வருடம் போயிற்று.

அதற்குள் உனக்கு என்னென்னவோ போய்விட்டது. உன் அணியில் இருந்த மூன்று பேரும் உன்னால்தான் கோப்பை போனது என்று பேச்சை நிறுத்தினார்கள். ரோபோ சாமான்களை அரிசிச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் நீயே தூக்கிக் கொடுத்தாய். ரோபோ படிப்பு வேண்டாம் என்று சொல்லி, வீட்டை விட்டு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் என்று திருநெல்வேலியில் கணிதம் சேர்ந்தாய். ஒரு பொங்கல் முடிந்து உன்னை ஏற்றிவிட நான் மட்டும் பெருங்களத்தூர் வந்தேன், ஞாபகமிருக்கிறதா? கால் வைக்க இடமில்லை, மூட்டை முடிச்சோடு ஊரே ரோட்டில் நின்றது. அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தாளை எடுத்துக்கொண்டே வந்திருந்தேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். நீ சட்டென்று திரும்பினாய். பையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றாய். உன் பஸ் வந்து நின்றது. நீ ஏறவில்லை, நின்றாய். "பஸ்ல தண்ணி வாங்கிக் குடிக்காத, பாட்டில்ல இருக்கு" என்றேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறிப் போனாய். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது தெரியவில்லை. இப்போது நாவலூரில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறாய் என்று அப்பா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, பிறகு தாங்க முடியவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது? இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், நல்லபடி வாழ்ந்தவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, கெட்டுப் போனவள் சொல்வதாக எடுத்துக்கொள். தப்புச் செய்தால் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு மாதம் தள்ளினால் தப்பைவிட அந்த மாதம் பெரிதாகிவிடும். ஞாயிறுதோறும் ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். நானும் நன்றாகவே சொல்வேன், மனப்பாடம். கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லும்போது கடவுளுக்கே யாருடைய பாவம் எது என்று தெரியாது என்கிற தைரியம். உனக்குப் பிள்ளை பிறந்து, எவனாவது அதன்மேல் விரல் நீட்டினால், முதலில் அதன் பக்கம் போய் நின்றுகொள். நியாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் நியாயமானவள் என்று பெயர் வாங்குவதற்காக என் பிள்ளையை விட்டேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

போன ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். வந்ததும் உன் போன். மண்டபம், பத்திரிகை என்று பேசினாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு அந்தக் கேள்விக்காக நின்றுகொண்டிருந்தேன். "சரிப்பா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாய். கேட்கவே இல்லை. கல்யாண அவசரத்தில் மறந்திருப்பான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு சோறு போட்டேன். முடியவில்லை. "இன்னிக்கு அவன் என்னைப் பத்திக் கேக்கலையே" என்றேன். அப்பா பிசைந்த கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இனிமே கேக்க மாட்டான்" என்றார். ஏன் என்று கேட்டேன். "உன் பைபிள்ல ஜிப்புக்குள்ள இருக்கே ஒரு தாள், அதை அவன் போட்டி நடந்த மாசமே பாத்துட்டான். உனக்கு ஜுரம்னு அவன் சர்ச்சுக்கு உன் பைபிளைத் தூக்கிட்டுப் போனானே, அன்னிக்கு. என்கிட்ட காட்டினான். நான் உன்கிட்ட கேக்கறேன்னு எழுந்தேன். வேணாம்ப்பா, அவங்களா சொல்லட்டும்னு என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சான். திரும்ப அப்படியே மடிச்சு வெச்சுட்டான். வாராவாரம் உன் சௌக்கியத்தையா கேட்டான்னு நினைச்ச? சொல்லிட்டாளான்னு கேட்டான்." அவர் எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

எட்டு வருடம். அத்தனை ஞாயிறும் நீ கேட்டாய், அத்தனை ஞாயிறும் நான் அணைத்த அடுப்பின் முன் நின்றேன். பெருங்களத்தூரில் பஸ்ஸில் ஏறாமல் நீ நின்றதும் அதற்குத்தானா? உன் காலத்தை, உன் சிநேகிதர்களை, கையில் எப்போதும் ஒரு திருப்புளியோடு திரிந்த அந்தப் பையனை நான் திருப்பித் தர முடியாது. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட மாட்டேன். கேட்டால் நீ மன்னிப்பாய், அதுவும் உனக்கு ஒரு வேலையாகிவிடும். கல்யாணத்துக்குக் கூப்பிடு என்றும் கேட்கவில்லை. அன்றைக்கு யாராவது உன் அம்மா எங்கே என்று கேட்டால், உனக்கு வாயில் வருவதைச் சொல்லிக்கொள்.

இதற்குமேல் எழுத வேண்டியது ஒன்றுதான், அதை மலரில் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன். அந்த நான்கு எண்களையும் பட்டியலில் ஏற்றாமல் விட்டது நான். என் மகன் எந்த டேக்கையும் மாற்றவில்லை. அவன் பையில் இருந்ததும் நான் கொடுத்தது. இதை நான் போட்டிக்கு அடுத்த திங்கட்கிழமையே அறிவேன். இந்தக் கடிதத்தில் எட்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன். மறுபடி எழுதப் போவதில்லை, அப்படியே கொடுக்கிறேன். தாளையும் பின்பக்கம் தெரிய இதோடு குத்தி வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. வந்து நான் அடுப்படியில் நிற்பேன். நீ போன் செய்வாய், கேட்க மாட்டாய். அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ கேட்காவிட்டாலும் வைப்பதற்கு முன்னால் அவராகவே சொல்லிவிட வேண்டும் என்று: அம்மா சொன்னாங்க.